அடைச்சாச்சு

பாகான் டத்தோ
14 மார்ச் 2025

அன்புத் தங்கை நவமணிக்கு,

அண்ணன் கார்த்திகேசு எழுதுவது. காது இரண்டும் நீங்கலாக நான் நலம். நீ, மாப்பிள்ளை சுகுமாரன், மகள் தினேஸ்வரி மூவரும் காது உட்பட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போனை விசாரணைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இருந்தாலும் பயனில்லை, நீ பேசுவது எனக்குக் கேட்காது. சாப்பாட்டுக் கடை ஜைனப் தன் போனைக் கொடுத்து அதில் தட்டச் சொன்னாள். ஒரு வரி தட்டுவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. தமிழ் எழுத்துகளை அதில் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்களோ. பேனாவே தேவலை.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் பாதி மயக்கத்தில் கிடந்தேன். அதனால் நடந்ததை எழுதுகிறேன். ஏவுதளத்தில் ராக்கெட் வெடித்தது என்று பத்திரிகையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ராக்கெட் எங்கேயும் கிளம்பவில்லை. அதை நிற்க வைத்துக் கட்டி, தொட்டிகளில் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனைதான் நடந்தது. நான் தளத்தில், கையால் திருப்பும் வால்வுகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். மாப்பிள்ளை தூரத்தில் கட்டுப்பாட்டு அறையில், இஞ்சினியர் அஸ்வானுக்குப் பக்கத்தில். நான் வாக்கி டாக்கியில் தமிழில் சொல்வதை மாப்பிள்ளை அஸ்வானுக்கு இங்கிலீஷில் சொல்வார். எப்போதும் அப்படித்தான் செய்வோம். கம்பெனிக்கும் அது தெரியும்.

நைட்ரஜன் ஏறி முடிந்தது. மாப்பிள்ளை கேட்டார், நான் "அடைச்சாச்சு" என்றேன். சற்று நேரத்தில் பக்கத்து எரிபொருள் தொட்டி வெடித்துத் தீப்பிடித்தது. மண்மூட்டைச் சுவருக்குப் பின்னால் இருந்ததால் பிழைத்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

காது அடைத்திருக்கிறது, நாளானால் திறந்துவிடும் என்று நினைத்தேன். டாக்டர் தலையை ஆட்டி, போனது போனதுதான் என்று எழுதிக் காட்டினார். தலைசுற்றல் வேறு. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போகிறேன்.

கேமரா வேலை பார்க்கும் பெண் ஷர்மினி எனக்கு முன்னால் நின்றிருந்தாள். ஈப்போ ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். போய்ப் பார்த்துவிட்டு எழுது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்,
கார்த்திகேசு


புந்தோங், ஈப்போ
22 மார்ச் 2025

அன்பு அண்ணனுக்கு,

நவமணி வணங்கி எழுதுகிறேன். இங்கே மூவரும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ஜைனப் அக்கா கடைக் குழம்பில் எண்ணெய் அதிகம், அளவாகச் சாப்பிடுங்கள்.

கடிதம் பார்த்துச் சிரித்தது உண்மைதான். உங்கள் எழுத்தில் ணகரமும் னகரமும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. பிறகு கொஞ்சம் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஷர்மினியைப் பார்த்தேன். தெலுக் இந்தானிலிருந்து அவள் அம்மா வந்து கூடவே இருக்கிறார். இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. முகம் தப்பித்துவிட்டது. "அங்கிளுக்கு நெஜமாவே காது கேக்கலையா ஆன்ட்டி? அம்மாவ ஃபோன் போடச் சொன்னேன், எடுக்கவே இல்ல. கோவமா இருக்காருன்னு நெனச்சேன் லா" என்றாள். உங்களுக்கு அவள்மேல் என்ன கோபம் இருக்கப்போகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் மாப்பிள்ளை வீட்டில்தான் இருக்கிறார். கம்பெனி எல்லோருக்கும் லீவு கொடுத்துவிட்டதே. நேற்று கூடத்து மின்விசிறியைக் கழற்றி மாட்டினார். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த விசிறி, இப்போது ஆடுகிறது. உங்களைப் பார்க்க வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

கிளினிக் கவுண்டரில் எனக்கு அதே வேலைதான். நம் ஆட்கள் சொல்வதைச் சீன டாக்டருக்கு மலாயில் சொல்வது. நேற்று ஓர் அம்மாள் வந்து, "ஒரே அடைப்பா இருக்கு தாயி" என்றார். மூக்கு என்று நினைத்துச் சீட்டு எழுதப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று எது அடைக்கிறது என்று கேட்டேன். நெஞ்சைக் காட்டினார். உடனே ஆம்புலன்ஸ் வரவழைத்தோம். பிழைத்துக்கொண்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தினேஸ்வரி தனியாக உங்களுக்கு ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள், அடுத்த முறை அனுப்புகிறேன்.

அன்புத் தங்கை,
நவமணி


பாகான் டத்தோ
3 ஏப்ரல் 2025

அன்புள்ள நவமணிக்கு,

தலைசுற்றல் சற்றுக் குறைந்திருக்கிறது. உங்கள் அனைவரின் நலத்துக்கும் வேண்டுகிறேன். குழம்பு எண்ணெயைப் பற்றி நீ எழுதியதை ஜைனபிடம் காட்டிவிட்டேன். இனி உனக்கு அந்தக் கடையில் சோறு கிடையாதாம்.

அந்த அம்மாள் அடைப்பு என்று சொன்னதைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன்.

வாக்கிப் பேச்சு எல்லாம் பதிவாகியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதை மலாயில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் நகலை அதிகாரி கொண்டுவந்து காட்டினார். "மச்சான், வால்வு மூடியாச்சா?" என்று மாப்பிள்ளை கேட்கிறார். "மூடியாச்சு" என்று நான் சொல்கிறேன். மலாயில் துத்துப் என்று போட்டிருக்கிறது. துத்துப் என்றால் மூடுவதுதான், வேறு பொருள் கிடையாது.

நான் சொன்னது "அடைச்சாச்சு". காஸ் அடைச்சாச்சு என்று பொருள். கமுந்திங்கில் சிலிண்டருக்குக் காஸ் நிரப்பும் தொழிற்சாலையில் என் வாலிபம் முழுக்கப் போனது உனக்குத் தெரியும். அங்கே அடைப்பது என்றால் நிரப்புவது. பந்துக்குக் காற்று அடைப்பது மாதிரி. மாப்பிள்ளை எண்ணெய் ஆலையிலிருந்து வந்தவர். அங்கே அடைப்பது என்றால் வால்வை மூடுவது. இத்தனை வருஷமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், இந்த வித்தியாசம் ஒருநாளும் வெளியே வந்ததில்லை.

நான் காஸை நிரப்பிவிட்டு, வால்வை மூடச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அங்கே, மூடியாகிவிட்டது என்று நினைத்து அஸ்வான் அடுத்த குழாயைத் திறந்துவிட்டார். திறந்து கிடந்த வால்வு வழியாக மொத்த அழுத்தமும் அதைத் தாங்காத தொட்டிக்குள் போய்விட்டது. வெடித்த கதை இவ்வளவுதான்.

இப்போது எல்லாம் ஒரு சொல்லில் நிற்கிறது. மாப்பிள்ளை "வால்வு" என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டாரா, இல்லை வெறுமனே "அடைச்சாச்சா" என்று கேட்டாரா? வால்வு என்று கேட்டு நான் ஆமாம் என்றிருந்தால், பொய்த் தகவல் கொடுத்தவன் நான். வெறுமனே கேட்டிருந்தால், நான் சொல்லாததை அஸ்வானிடம் சொன்னவர் அவர். இரண்டு பேரில் ஒருவர்மேல் வழக்கு வரும் என்று அதிகாரி எழுதிக் காட்டினார். ஜெயில்வரை போகக்கூடிய வழக்காம். காஸ் சீறிக்கொண்டிருந்தது நவமணி. முழுக் கேள்வியும் என் காதில் விழுந்ததா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் ஈப்போவில் விசாரணை. பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். எனக்குக் கேட்காது. அவ்வளவு தூரம் வண்டியில் உட்காரவும் டாக்டர் விடமாட்டார். எனக்குப் பதிலாக நீ போய்க் கேள். அதற்கு முன்னால் மாப்பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுது. அவர் சொன்னால் நான் நம்புவேன்.

ஷர்மினியிடம் எனக்குக் கோபம் இல்லை என்று இன்னொரு முறை சொல்.

அண்ணன்,
கார்த்திகேசு


பாகான் டத்தோ
30 ஏப்ரல் 2025

அன்புள்ள நவமணி,

நலமா? நான் இருக்கிறேன்.

உன் பதில் வரவில்லை. தபாலில் தொலைந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். தினேஸ்வரியின் படம் மட்டும் தனி உறையில் வந்து சேர்ந்தது. அதில் என் காதை யானைக் காது அளவுக்கு வரைந்திருக்கிறாள். சுவரில் ஒட்டியிருக்கிறேன். படம் வருகிறது, கடிதம் வரவில்லை என்றால் தபால்காரர்மேல் குற்றமில்லை.

அதிகாரி மறுபடி வந்தார். அவருக்கு வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நீ மாப்பிள்ளையிடம் எதுவும் கேட்க வேண்டாம். கேட்டிருந்தால் அதோடு விட்டுவிடு.

மழை தினமும் பெய்கிறது. தகரத்தில் விழுவது தெரிகிறது, சத்தம்தான் இல்லை.

அண்ணன்,
கார்த்திகேசு


புந்தோங், ஈப்போ
9 மே 2025

அன்பு அண்ணனுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். கிளினிக்கில் ஒரே டெங்கிக் காய்ச்சல் கூட்டம். நானும் தினேஸ்வரியும் நலம். அவளுக்கு இந்த வருஷம் பெரிய பரீட்சை, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

ஷர்மினிக்கு இரண்டாவது முறை தோல் ஒட்டியிருக்கிறார்கள். வலக்கையின் கட்டைவிரல் அசைகிறது. அதை எனக்கு ஆட்டிக் காட்டினாள். விசாரணைக்கு வந்தே தீருவேன் என்கிறாள்.

உங்கள் சார்பாக நான் உட்கார்ந்து கேட்கலாம் என்று விசாரணைக் குழு அனுமதி கொடுத்திருக்கிறது. லீவுக்குச் சொல்லிவிட்டேன். போய்க் கேட்டு எழுதுகிறேன்.

தலைசுற்றலுக்கு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வேறு விசேஷம் இல்லை.

தங்கை,
நவமணி


பாகான் டத்தோ
17 மே 2025

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். இப்போது கைத்தடி வைத்துக்கொண்டு ஜைனப் கடைவரை போகிறேன். அவள் என்னிடம் பேசுவது கடை முழுக்கக் கேட்கிறதாம். எனக்கு மட்டும் கேட்பதில்லை.

உன் கடிதத்தில் நீ நலம், தினேஸ்வரி நலம், ஷர்மினியின் கட்டைவிரல்கூட நலம். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ அப்படி எழுதியவள் இல்லை, பேசியவளும் இல்லை. நான் கேட்டதற்கு இது பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

அதனால் சொல்கிறேன். விசாரணைக்கு நீ போக வேண்டாம். போனாலும் சும்மா உட்கார்ந்துவிட்டு வா. தாளில் என்ன இருக்கிறதோ அதுவே இருக்கட்டும். நான் தனிக்கட்டை. உனக்கு வளர்ந்த பெண் இருக்கிறாள். இதற்கு மேல் எழுத விருப்பம் இல்லை.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். எல்லோரையும்.

அண்ணன்,
கார்த்திகேசு


புந்தோங், ஈப்போ
12 ஜூன் 2025

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும், அது மட்டும் சொல்கிறேன்.

நேற்று முன்தினம் விசாரணை. போனேன். சும்மா உட்கார்ந்துவிட்டு வரவில்லை.

முதலில் ஏப்ரலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்றே அவரிடம் கேட்டேன். "வால்வுன்னுதான் கேட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல், ஓடிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மறுபடி கேட்டேன். "எத்தன தடவ சொல்றது?" என்று எழுந்து போய்விட்டார். நம்பவும் முடியவில்லை, நம்பவில்லை என்று உங்களுக்கு எழுதவும் முடியவில்லை. அதனால்தான் பேனாவைத் தொடவில்லை.

விசாரணைக் குழுத் தலைவர் ஒரு மலாய்க்காரர், பொறுமையான மனிதர். மச்சான் என்றால் கூட்டாளி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது அந்த மச்சான் இல்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. "இங்கே உட்கார்ந்திருப்பவர் என் கணவர், வர முடியாதவர் என் அண்ணன்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

உங்கள் மாப்பிள்ளை முதலில் சாட்சி சொன்னார். வால்வு மூடியாச்சா என்று தெளிவாகக் கேட்டதாகச் சொன்னார். பிறகு பதிவைப் போட்டார்கள். ஒரே சீறல். அதற்குள் அவர் குரல்: "மச்சான், அடைச்சாச்சா?" அடுத்து உங்கள் குரல்: "ஆ, அடைச்சாச்சு லா." அவ்வளவுதான். வால்வும் இல்லை, காஸும் இல்லை. உங்கள் குரல் சந்தோஷமாக இருந்தது அண்ணே. வேலை முடிந்தது, சாப்பிடப் போகலாம் என்கிற மாதிரி.

நான் கையைத் தூக்கினேன். மறுபடி போடச் சொன்னேன். போட்டார்கள். தாளில் இருக்கும் வால்வு என்ற சொல் பேச்சில் இல்லை என்றேன். மொழிபெயர்த்தவர், பேச்சின் போக்கில் அதுதான் பொருள் என்று தான் சேர்த்ததாகச் சொன்னார். "அப்படியானால் இந்தச் சொல்லுக்குச் சரியான பொருள் என்ன?" என்று தலைவர் கேட்டார். நிரப்புவதும் அதுதான், மூடுவதும் அதுதான் என்றேன். "இரண்டும் எப்படி ஒரே சொல்லாக இருக்கும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை, கிளினிக்கில் நான் தினமும் எது என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன் என்றேன்.

ஷர்மினியிடமும் ஒரு வாக்கி இருந்தது, அவளும் அதைக் கேட்டிருக்கிறாள். நீ என்னவென்று புரிந்துகொண்டாய் என்று அவளைக் கேட்டார்கள். கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். "நான் அர்த்தமெல்லாம் யோசிக்கல சார். ரெண்டு அங்கிளும் பேசிக்கிட்டா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். உங்கள் மாப்பிள்ளையின் தலை குனிந்தது. அதற்குப் பிறகு நிமிரவில்லை.

அப்புறம் தலைவர் ஒரு காகிதத்தை எடுத்து, உங்கள் அண்ணன் ஏப்ரலிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் இதற்கு நேர்மாறாக இருக்கிறதே என்று வாசித்தார். வால்வு மூடியாச்சா என்ற கேள்வி தெளிவாகக் கேட்டதாம். மூடாமலே மூடியாச்சு என்று சொன்னீர்களாம். தவறு முழுக்க உங்களுடையதாம்.

எனக்கு உங்கள்மேல் வருகிற கோபத்தைத் தாளில் எழுத முடியாது. யாரைக் கேட்டு அப்படி எழுதிக் கொடுத்தீர்கள்? உங்களை ஜெயிலில் வைத்துவிட்டு நான் இந்த வீட்டில் எப்படிச் சோறு பொங்குவேன் என்று நினைத்தீர்கள்?

விசாரணை முடிந்து நான் காரில் வந்தேன். அவர் பஸ்ஸில் வந்தார்.

நவமணி


பாகான் டத்தோ
20 ஜூன் 2025

அன்புள்ள நவமணி,

நான் நலம். நீ கோபத்தோடு நலமாக இருப்பாய் என்று தெரியும்.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். என் குரல் சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்கு நன்றி. நான் கடைசியாகக் கேட்ட என் குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நீ பேசாமல் இருந்தாய். அவர் வால்வு என்று சொல்லவில்லை, அதை எழுத உனக்கு மனம் வரவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். உண்மையில் உனக்கே தெரியாமல்தான் நீ பேசாமல் இருந்திருக்கிறாய். நான் நினைத்தது சரியாகிவிட்டது, ஆனால் குருட்டாம்போக்கில் சரியானது. அந்த வாக்கியில் செய்த வேலையையே உன்னிடமும் செய்திருக்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பொருள் பண்ணிக்கொண்டேன்.

கையெழுத்துப் போட்டதற்கு நான் வருத்தப்படவில்லை. மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போனால் உங்கள் வீடு என்ன ஆகும் என்று ஒரு இரவு யோசித்தேன். நான் போனால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். இரண்டாவதற்கு யோசிக்க அதிகம் இல்லை. அவர் பொய் சொன்னது எனக்கு வலிக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் பயந்துபோய்ச் சொன்ன பொய். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடி வழியாக அந்தத் தீயையும் எங்கள் இருவரையும் பார்த்தவர் அவர். நான் எதையும் பார்க்கவில்லை, முகம் மண்ணில் இருந்தது.

பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக என்னை மறுபடி விசாரிப்பார்களாம். விசாரிக்கட்டும். எழுதித்தான் கேட்க வேண்டும், நானும் மெதுவாகத்தான் எழுதுவேன்.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? இந்த முறை பதில் எழுது.

அண்ணன்,
கார்த்திகேசு


புந்தோங், ஈப்போ
18 ஜூலை 2025

அன்பு அண்ணனுக்கு,

வணக்கம். கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. உடம்பு எப்படி இருக்கிறது? கைத்தடி இல்லாமல் நடக்கப் பார்க்காதீர்கள்.

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. தனி ஆள் யார்மேலும் வழக்கு இல்லை. முக்கியமான வேலைக்கு இன்ன சொல்தான் என்று கம்பெனி வரையறுத்து வைக்காததுதான் முதல் தவறு என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் முதல் வாக்குமூலத்தைக் கண்டித்துவிட்டுத் தள்ளிவிட்டார்கள். அவர் சாட்சியையும் அப்படியே. கம்பெனி உடனே ஒரு விதி போட்டிருக்கிறது. இனி வாக்கியில் இங்கிலீஷ் மட்டும்தான், தமிழ் கூடாது. அந்தச் சொல் செய்த குற்றத்துக்கு மொழி மொத்தத்துக்கும் தண்டனை.

அவரைப் பற்றிக் கேட்டீர்கள். கம்பெனி வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், போகவில்லை. என்னிடம் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. சோற்றுக்கு உப்பு வேண்டும் என்றால் தினேஸ்வரியிடம் கேட்கிறார். உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் காது போயிருச்சா?" என்று கேட்டாள். சபையில் எழுந்து நின்று கட்டின புருஷனைப் பொய்யன் ஆக்கியவள் நான். தப்புச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இந்த வீட்டில் பாரமாக இருக்கிறது அண்ணே. இப்படியே போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

ஷர்மினி வீட்டுக்குப் போய்விட்டாள். கரண்டி பிடிக்கிறாள். போகுமுன் அவர் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்ததாகவும், கட்டில் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனதாகவும் சொன்னாள். எனக்கு அது தெரியாது.

இன்று காலை மோட்டார் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போகப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

தங்கை,
நவமணி


பாகான் டத்தோ
27 ஜூலை 2025

அன்புள்ள தங்கை நவமணிக்கு,

மாப்பிள்ளை எங்கே போனார் என்று நீ தேட வேண்டாம் என்பதற்காக ஜைனப் போனிலிருந்து "இங்கே" என்று ஒரே ஒரு சொல் அனுப்பச் சொன்னேன். கிடைத்திருக்கும். மற்றதை இதில் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் வந்தார். நனைந்து வந்தார். நான் நாற்காலியைக் காட்டினேன், உட்கார்ந்தார். எழுதுவதற்குத் தாளும் பென்சிலும் முன்னால் வைத்தேன். "காது எப்படி?" என்று எழுதினார். அப்படியே இருக்கிறது என்று வாயால் சொன்னேன். அதற்குப் பிறகு பென்சிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். எனக்குக் கேட்காதது நேற்று வசதியாக இருந்தது. பேசாமல் இருப்பது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயமாகப் போய்விட்டது.

தேநீர் போடலாம் என்று போனேன். அடுப்பு எரியவில்லை, காஸ் தீர்ந்திருந்தது. அவர் எழுந்தார். ஜைனப் கடைக்குப் போய்ப் புதுக் காஸ் தோங் ஒன்றைத் தோளில் வைத்துக் கொண்டுவந்து மாட்டினார். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிகிறதா என்று பார்த்தார். தேநீர் அவரே போட்டார், சர்க்கரை அதிகம். குடித்து முடித்ததும் கோப்பைகளைக் கழுவி வைத்து, குனிந்து காஸ் தோங்கில் ஏதோ திருகிவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

நின்று என்னிடம் ஏதோ சொன்னார். எப்போதும் போல, வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது மாதிரி. கேட்காது என்பதை அந்த ஒரு நிமிஷம் மறந்துவிட்டார் போலிருக்கிறது. நான் உதட்டைப் பார்த்தேன். இப்போது கொஞ்சம் பழகியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு உதடு ஒட்டவே ஒட்டாது, கண்ணாடி முன் நின்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"அடைச்சாச்சு" என்றார்.

"எதை மாப்ளே?" என்று கேட்டேன்.

என் குரல் எனக்குக் கேட்கவில்லை. எவ்வளவு சத்தமாகக் கேட்டேன் என்று தெரியாது. அன்றைக்கு அவரும் இதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஷர்மினி தன் கையாலேயே சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு எழுந்து நிற்பதைவிட உட்காருவதுதான் கஷ்டம், தலை சுற்றும். பிறகு அந்தத் தாளை இழுத்து, "காது எப்படி?" என்று எழுதியிருந்ததற்குக் கீழே "வால்வை" என்று எழுதினார். அதற்குக் கீழே, "அன்னைக்குச் சொல்லல மச்சான்" என்று எழுதினார். அந்தத் தாள் என்னிடமே இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் கிளம்புகிறார். வந்ததும் எதையும் விசாரிக்காதே. அவர் சாப்பிட உட்காரும்போது உப்பை நீயே எடுத்து வை.

தினேஸ்வரிக்கு என் அன்பு. அவள் படத்தைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தார். என் காது அவ்வளவு பெரிதில்லை என்று அவரும் சொல்கிறார்.

இங்கே நானும் மாப்பிள்ளையும் நலம்.

உன் அண்ணன்,
கார்த்திகேசு